கினிக்கோழிகளும் எல்லை வேலியும்

கரம்பொன், யூன் 3, 2024

கிணற்றடியில் பாம்புச் சட்டை கிடந்தது. புடையன்தான், கடித்தால் ஆளை முடிக்கும் விரியன். மனைவி அன்னபூரணத்துக்குச் சொல்லவில்லை. கண்ணில் புரை விழுந்த பிறகு அவள் எல்லை வேலியைத் தடவித் தடவித்தான் கிணற்றடிக்குப் போகிறாள். வெறுங்காலோடு. நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தால் கோபிப்பாள்.

எல்லாம் பக்கத்து வீட்டு அப்புத்துரையின் வளவில் புதராய் மண்டிய பற்றையிலிருந்து வருவது. சித்தப்பாவின் மகன், எல்லை வேலியின் கதியால் தடிகளை என் பக்கம் தள்ளி நட்டவன். அவனிடம் போய் வெட்டச் சொல்லிக் கேட்பேனா?

யூன் 9

கினிக்கோழி இருக்கும் வளவில் பாம்பு தங்காது என்று வாசித்திருக்கிறேன். அவற்றை வளர்க்கும் எழுவைதீவுக் கேதீஸ்வரி சிலதை வள்ளத்தில் கொண்டுவந்து தந்தாள்.

“கொஞ்ச நாள் கூட்டுக்குள்ள அடைச்சு வையுங்கோ அண்ணை. இடம் பழகாமல் விட்டால் பறந்திடுங்கள். அதுகள் சும்மா கத்தாதுகள், கத்தினால் போய்ப் பாருங்கோ.”

எனக்கு வகுப்பெடுக்கிறாள்.

யூன் 12

பொறுக்காமல் திறந்துவிட்டேன். எல்லாம் அப்புத்துரையின் புளியமரத்தில். குரக்கன் தானியத்தைக் காட்டி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். அவன் காற்றுக்குச் சொல்வதுபோல், “சில பேருக்குக் கோழியையும் வைச்சிருக்கத் தெரியாது” என்றான்.

பொழுதுபட இறங்கி வந்தன. பிடித்து ஒரு பக்கச் சிறகை வெட்டிவிட்டேன்.

யூன் 20

அன்னபூரணம் வாளியோடு போனால், கிணற்றுக் கப்பி உருளும் சத்தம் கேட்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.

யூலை 2

கோழிகள் வேலியடியில் நின்று ஒரே கத்தல். அந்தப் பக்கம் போக ஆசை, சனியன்கள். பழைய ஓலைக்கு மேலேயே இன்னொரு வரிசை பனையோலை வைத்துக் கட்டினேன். நெருக்கமாக.

யூலை 5

இன்னும் அதே இடத்தில் கத்துகின்றன.

“இஞ்சாருங்கோ, அதுகள் எதையோ கண்டு பயப்படுகுதுகள்” என்றாள் அன்னபூரணம்.

“எனக்குக் கண் தெரியும்” என்றேன்.

“ஓம், உங்கட கண்ணுக்கு அப்புத்துரை மட்டுந்தான் தெரியும்.”

யூலை 8

எழுத ஏலாமல் கிடக்கு.

விடிய அவள் வேலியைப் பிடிச்சுக்கொண்டு போனவள். கோழியள் எல்லாம் அவளின்ரை காலடிக்கு ஓடிவந்து கத்தினதுகள். அவள் நிண்டிட்டாள். நான் ஓடிப்போய்ப் பாத்தால் — அடுத்த அடி வைக்கிற இடத்திலை, பழைய ஓலைக்கும் நான் கட்டின ஓலைக்கும் நடுவிலை, புடையன். சீறுது.

அவன்ரை பற்றையிலை இல்லை. என்ரை வேலிக்குள்ளை. நானே கட்டிக் குடுத்த வீடு.

தடியைத் தூக்க ஏலேல்லை. “அப்புத்துரை!” — கூப்பிட்டது என்ரை வாய்தானோ?

“அண்ணி, அசையாதையுங்கோ! அண்ணை, அவவைப் பின்னாலை இழுங்கோ!” வேலியைப் பிரிச்சுக்கொண்டு வந்தான். அவன்தான் அடிச்சான்.

யூலை 9

அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஓலை முழுவதையும் இழுத்து எரித்தோம். உக்கிய அடி ஓலைக்குள் இன்னும் சட்டைகள். கதியால் கதையை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதற்காக அந்த நிலம் அவனுடையதாகாது.

ஒக்டோபர் 6

கோழிகளுக்குப் புதுச் சிறகு வந்துவிட்டது. பொழுதுபட அவன் புளியில்தான் ஏறுகின்றன. சிறகை வெட்டவில்லை. பற்றையை அவன் எப்போது வெட்டினானோ, நான் கேட்கவில்லை.

வேலியில் ஓலை இல்லை. அன்னபூரணம் கதியால் கதியாலாகப் பிடித்துப் போகிறாள். அந்தப் பக்கத்திலிருந்து அவன், “இன்னும் ரெண்டு கதியால்தான் அண்ணி” என்கிறான். கதியால்கள் இப்போதும் என் காணிக்குள்தான் நிற்கின்றன.

கோழிகள் கத்துகின்றனவா என்று எழும்பி நின்று காதுகொடுத்தேன்.

கப்பிச் சத்தம்.