மிக்ஸி போட்டிருந்த ஸ்வெட்டர்

உன் வீட்டு மிக்ஸிக்குக் குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது. போன ஞாயிறு உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து எல்லாரும் உன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். மேடையில் உன் மிக்ஸி, நீ பின்னிய கையில்லாத ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. அரக்கு நிறத்தில் வெள்ளை வைரக்கட்டம் போட்ட அதே ஸ்வெட்டர். கழுத்து வழியாக ஜார் மூடி எட்டிப் பார்க்கிறது. கை நுழைக்கும் ஓட்டை வழியாக வயர் வெளியே வந்து பிளக்கில் செருகியிருக்கிறது. நெஞ்சுப் பக்கம் தேங்காய்ச் சட்னி காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்குக் கோபம் உச்சிவரை ஏறிவிட்டது.

உன் மகனைக் கூப்பிட்டேன். அவன் கள்ளமில்லாமல் சொன்னான். "அம்மா மிக்ஸிக்குப் பின்னுனதுதானே அத்தை? வயருக்குக்கூட ஓட்டை விட்டிருக்காங்க பாருங்க."

"கூறுகெட்டவனே, வயருக்குன்னா ரெண்டு பக்கமும் எதுக்குலே ஓட்டை?"

பிளக் எந்தப் பக்கம் இருந்தாலும் ஆகும் என்று நீ விட்டிருப்பாய் என நினைத்தார்களாம், உன் மருமகள் சொன்னாள்.

நீதான் அப்படிப் பழக்கிவைத்தாய். முப்பது வருஷமாக டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் குடத்து மூடிக்கும் உறை பின்னிக்கொண்டே இருந்தாய். அந்த வீட்டில் உன் கை படாத சாமான் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கண்ணி பிசகினால், "டிவிக்குத் தெரியவா போகுது?" என்று மேலே பின்னிக்கொண்டு போவாய்.

ஸ்வெட்டருக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. ஒருநாள் என்னிடம் நூலைக் கொடுத்து உன் முதுகை அளக்கச் சொன்னாய். மகனுக்கா, பேரனுக்கா என்று கேட்டேன். முதுகைக் காட்டி நிமிர்ந்து நின்றாய். நெஞ்சளவுக்குப் பின்னி முடித்த பிறகு, அடிக்கட்டம் ஒன்றில் ஒரு கண்ணி குறைவது உன் கண்ணில் பட்டது. அத்தனையையும் உருவிப் பிரித்தாய். யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

"நான் பாப்பேன்ல," என்றாய்.

முடித்த அன்று சேலைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாய். சித்திரை மாதம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினேன். திண்டுக்கல் வெயிலுக்கு ஸ்வெட்டரா, கொடைக்கானலுக்கு பஸ் ஏறப் போகிறாயா என்று கேட்டேன்.

"குளிருக்கு இல்லடி. எனக்கு," என்றாய். கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு நீ அதைப் போட்டு நான் பார்க்கவே இல்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

உன் மகனாவது தெரியாமல் செய்தான். நீ உனக்கென்று பின்னியது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சிரித்தேன். உன் மேலும் எனக்குக் கோபம்தான். ரெண்டு பொம்பளைகள் பல்லைக் காட்டினால் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவதா? எங்கள் முகத்துக்கு நேரே போட்டுக்கொண்டு தெருவில் நடந்திருக்க வேண்டாமா? அம்புட்டையும் உருவிப் பிரிக்கத் தைரியம் இருந்தவளுக்கு இது வரவில்லையே.

மிக்ஸியிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். சட்னிக் கறையை ஊறவைத்து அலசி, நிழலில் காயப் போட்டேன்.

இன்று காலை அதைப் போட்டுக்கொண்டு காய் வாங்கப் போனேன். உன் முதுகுக்கு அளந்தது, எனக்குக் கையிடுக்கில் பிடிக்கிறது. எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள், அன்று சிரித்த அதே சிரிப்பு. பூக்காரம்மாவோ காய்ச்சலா என்று அக்கறையாக விசாரித்தது.

"காய்ச்சல் இல்ல ஆத்தா. என் சிநேகிதி அவளுக்குன்னு பின்னுனது," என்றேன்.

வெயில் சுள்ளென்று அடித்தது. முதுகெல்லாம் வேர்த்து ஊற்றியது. வீடு வந்து சேரும்வரை நான் அதைக் கழற்றவில்லை.