வெளிவாய் திறந்துதான் இருந்தது

இன்று என் ஸ்கூட்டரைப் பழுது பார்த்தவர், கழற்றிய பெட்ரோல் குழாயின் வாயில் ஒரு கொத்துப் பனியன் வேஸ்ட்டை, அதுதான் பனியன் கம்பெனியில் வெட்டி ஒதுக்கும் கழிவுத்துணியை, திணித்தார். சொட்டாமல் இருக்க, அவ்வளவுதான். நான் பாய்ந்துபோய் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்துமா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நீயும் நானும் கோவையில் ஒன்றாக மேற்படிப்பில் இருந்தோம். திருப்பூரில் உன் பெரியப்பாவின் சாயப்பட்டறையில், நீராவியும் கொதிநீரும் கலந்து வெளியேறும் குழாய் கிடுகிடுவென்று ஆடியது. ஏன் என்று கல்லூரிக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றாய். ஒரே குழாயில் இரண்டும் ஓடினால் கணக்கு சண்டித்தனம் செய்யும். உள்ளே எவ்வளவு நுழைகிறது, வெளிவாயில் என்ன அழுத்தம் என்று ஓரங்களை நாம்தான் சொல்லித்தர வேண்டும். "ஓரத்துல பொய் சொன்னா நடுவுல பூராவும் பொய்தான் மாப்ள" என்பாய்.

வெளிவாயைப் பற்றி மட்டும் நாம் அதிகம் யோசிக்கவில்லை. பட்டறைக்குப் போன் போட்டு பாய்லர் பார்ப்பவரிடம் கேட்டாய்.

"கொழா வாய் தொறந்துதானுங்க இருக்குது?"

"ஆமாங்க, தொறந்துதானுங்க இருக்குது."

வெளிக்காற்றின் அழுத்தம் என்று எழுதினோம். திரையில் தண்ணீர் சாதுவாக வெளியேறியது, ஆட்டம் என்ற பேச்சே இல்லை. "நேர்ல பாத்துட்டு வந்தர்றேன்" என்று பஸ் ஏறினாய்.

மறுநாள் நீ இறந்துவிட்டாய் என்று விடுதிக்குப் போன் வந்தபோது, யாரோ விளையாடுகிறார்கள் என்று திட்டிவிட்டு வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. குழாய்க்குள் ஏதோ துணி தெரிகிறதே என்று குனிந்தாயாம். அந்த நேரம் பார்த்து உள்ளே தேங்கியிருந்த கொதிநீர் மொத்தமும் பிய்த்துக்கொண்டு வந்ததாம். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவனை எப்படி இல்லை என்று சொல்வார்கள்? எனக்குப் புரியவே இல்லை.

சாவு வீட்டில் அந்த பாய்லர்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடைக்கவே இல்லீங்க சாமி. துணிமேல தெறிக்குதுன்னு பனியன் வேஸ்ட் மட்டுந்தானுங்க வெச்சிருந்தோம்." அவர் பொய் சொல்லவில்லை. மூடி போட்டு முடுக்கினால்தான் அங்கே அது அடைப்பு. வேஸ்ட் வைப்பதெல்லாம் கணக்கிலேயே சேராது. நீராவி அதில் முட்டி முட்டித்தான் குழாய் ஆடியிருக்கிறது. ஊரே அதில் துடைக்கிறது, அதையே சந்து பொந்திலெல்லாம் திணிக்கிறது.

எனக்கு இப்போதும் இதே வேலைதான். எந்த ஆலைக்குப் போனாலும் குழாய் திறந்திருக்கிறதா என்று கேட்பதில்லை. வாயில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கே நமக்கு அப்படிக் கேட்கத் தோன்றியிருந்தால், இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உன்னிடம் சொல்லிக்கொண்டிருப்பேன், நீயும் வழக்கம்போல் என்னை முடிக்க விடாமல் குறுக்கே பேசிக்கொண்டிருப்பாய்.