டோக்கன் 417

3 ஆகஸ்ட் 1999, செவ்வாய்

மயிலாப்பூர் லஸ்ஸில் நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் இன்று ஈ ஓட்டினேன். அந்த நேரத்தில் என் 'இரண்டாம் கேட்' வெப்சைட்டைத் திறந்து பார்த்தால் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். மொத்தம் ஐம்பத்துமூன்று. கிண்டியில் மூடிப்போன எங்கள் டின் கம்பெனிக்கு இத்தனை பேர் இன்னும் டியூட்டிக்கு வருகிறார்கள்! மஸ்கட்டிலும் பெங்களூரிலும் உட்கார்ந்துகொண்டு, கான்டீன் சாம்பாரைப் பற்றி இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் தட்டுகிறார்கள்.

டீ-ஷர்ட் யோசனையை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நெஞ்சில் கேட்டின் படம், முதுகில் அவரவர் டோக்கன் நம்பர். நம்பரை ஒருவனும் மறக்கவில்லை. வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க்காக நான் கொடுத்த நம்பர்கள் அல்லவா, கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

9 ஆகஸ்ட்

முப்பத்தொரு ஆர்டர். ராயப்பேட்டையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் பீர் முஹம்மதிடம் பேசி முடித்தேன். பட்டியலைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "கட்சி பனியன்னா ஒரே படத்துல ஆயிரம் பீஸு அடிச்சிக்கினு போய்க்கினே இருப்பேன். நீ இன்னா சார், ஒண்ணொண்ணுக்கும் ஒரு நம்பரு சொல்லிக்கினு கீறே?" திட்டிக்கொண்டேதான் ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

14 ஆகஸ்ட்

ஒரு ஈ-மெயில். ருக்சார் என்ற பெண், காலேஜில் படிக்கிறாளாம். "என் அப்பா குலாம் முகம்மது உங்கள் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தார். டோக்கன் 417. அம்மாவுக்கு ஒரு சட்டை வேண்டும்."

இரண்டு முறை படித்தேன். பதில் போடவில்லை.

15 ஆகஸ்ட்

417 ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. மஸ்கட் ஸ்ரீகிருஷ்ணாவின் நம்பர். தகடு அழுத்தும் பிரஸ்ஸில் மாட்டி குலாம் செத்த ஒரு மாதத்தில் அதைப் புது ஆளுக்கு எடுத்துக் கொடுத்தவன் நான். காலியான நம்பரை மறுபடி கொடுப்பது டைம் ஆபீஸ் வழக்கம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் என்னை உறுத்துவது நம்பரா? யாரை ஏமாற்றுகிறேன்?

17 ஆகஸ்ட்

எட்டு வருஷமாக எழுதாததை எழுதிவிடுகிறேன்.

ஏழு மணி ஷிப்ட். ஐந்து நிமிடம் சலுகை. அதற்குமேல் வந்தால் கேட்டைச் சாத்தி ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டும், அன்றைக்குச் சம்பளம் கிடையாது. அன்று குலாம் வந்தது ஏழு அடித்து ஏழாவது நிமிடம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றான். "கருணாண்ணே, இந்த மாசம் ரெண்டு தபா திருப்பி அனுப்சிட்டீங்கோ. இன்னிக்கு மட்டும் வுட்டுடுங்கண்ணே." பாவமாக இருந்தது. ரிஜிஸ்டரில் 7.04 என்று எழுதி, சாத்திய கேட்டைத் திறந்து உள்ளே விட்டேன்.

பத்தரைக்கு பிரஸ் ஷாப்பிலிருந்து சத்தம் கேட்டது.

விரட்டியிருந்தால் என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பான். சாயங்காலம் மறந்திருப்பான். ஏன்டா விட்டே? உன்னை யாருடா நல்லவனா இருக்கச் சொன்னது? — விசாரணைக்கு வந்தவர்கள் ரிஜிஸ்டரைப் பார்த்தார்கள். 7.04, எல்லாம் சரி என்று மூடிவிட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

18 ஆகஸ்ட்

ருக்சாருக்குப் பதில் போட்டேன். சட்டை தயாரானதும் நேரில் கொண்டுவருவதாக.

22 ஆகஸ்ட்

"417 ரெண்டு தபா கீதே சார், ஒண்ண எடுத்துடவா?" என்றார் பீர் முஹம்மது. இரண்டும் சரிதான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டையும் டிக் அடித்தார்.

30 ஆகஸ்ட்

சட்டைகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் அனுப்பியாயிற்று, ஒன்றைத் தவிர. அதையும் தபாலில் போட்டால் என்ன? — கோழைப் பயல்.

5 செப்டம்பர், ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

ராயப்பேட்டையில் ஒரே அறை வீடு. குலாமின் மனைவி நஸ்ருன்னிசா ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறார். சட்டையை மடியில் விரித்து நம்பரை விரலால் தடவினார். ருக்சார் டீ போட எழுந்தாள். அப்போது அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"அன்னிக்குக் காலைல ஒரே சண்ட சார். நாந்தான் லேட் பண்ணேன். அப்புறம் கோவத்துல, போ, போய்த் தொலைன்னு அனுப்சிட்டேன். நாலு நிமிசம் லேட்டுன்னு கம்பெனி காயிதத்துல போட்டிருந்துச்சு. அஞ்சு நிமிசம் தாண்டுனா கேட்டு சாத்திடுவாங்கோ, எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு நிமிசம் சண்ட போட்டிருந்தா திரும்பி வந்திருப்பாரு. ரெண்டே நிமிசம் சார். அவர நான் புடிச்சு வைக்கலியே."

நாலு. என் பேனாவால் நான் எழுதிய நாலு. அதை வைத்துக்கொண்டு இந்த அம்மாள் எட்டு வருஷம் தன்னையே அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நாலு இல்லம்மா," என்றேன். "ஏழு. கேட்டைச் சாத்திட்டோம். கெஞ்சினான்னு நான்தான் திறந்து விட்டேன். நாலுன்னு பொய் எழுதினதும் நான்தான்."

டீயோடு வந்த ருக்சார் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏழா?" என்றார் நஸ்ருன்னிசா.

"ஏழும்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அஞ்சு, ஏழு என்று விரலை மடக்கி எண்ணினார். "அப்ப கேட்டு சாத்துற வரைக்கும் அவர நான் புடிச்சுத்தான் வச்சிருந்தேன்," என்றார், என்னிடம் அல்ல. பிறகு சட்டையை மடித்துத் தையல் மெஷின் மேல் வைத்தார். "நீங்க கெளம்புங்க சார்."

மன்னிப்புக் கேட்காமலே எழுந்தேன். ராயப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரை நடந்தே வந்தேன்.

7 செப்டம்பர்

வேலைக்குப் போகவில்லை.

13 செப்டம்பர்

மத்தியானம் ருக்சார் சென்டருக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா ரெண்டு விசயம் சொல்லச் சொன்னாங்க சார். எட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் நல்லாத் தூங்குறாங்களாம். அத உங்ககிட்ட சொல்லிடணும்னாங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்புறம், நீங்க இனிமே எங்க வூட்டுப் பக்கம் வர வேணாமாம்."

சரிம்மா என்றேன். அவர் தூங்கட்டும்.