ஸ்டோருக்கு ஒரு ஜன்னல்

ஞாயிறு, இரவு

கொலன்னாவைக் காணிக்கு நான் வரைந்த வீட்டு ப்ளானை இன்று சாப்பாட்டு மேசையில் விரித்தேன். ஒடுங்கிய காணி, பின்பக்கம் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவை வீணாக்காமல் கீழே சாமான் வைக்க ஒரு ஸ்டோர் எடுத்திருந்தேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

எங்கள் அறை, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று விரல் வைத்துக் காட்டினேன். எங்களோடு இருக்கிற என் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"வடிவா இருக்கு தம்பி. கீழ ஸ்டோருக்கு ஒரு சின்ன ஜன்னல் வைக்கலாமோ?"

"ஸ்டோருக்கு என்னத்துக்கு அக்கா ஜன்னல்?" என்று சிரித்தேன்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையில்தான் விளங்கியது.

இந்த வெள்ளவத்தை ஃப்ளாட்டில் அக்கா ஹோலில்தான் படுக்கிறாள். நாங்கள் எழும்புமுன் பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். புது வீட்டில் காருக்குக்கூட இடம் யோசித்தவன் அவளை மறந்துவிட்டேன்.

"மாத்திக் கீறுறன் அக்கா."

"வேண்டாம், எனக்கு அந்த ஸ்டோரே காணும்."

இப்போது ஹோலில் பாய் விரிக்கிற சத்தம் கேட்கிறது. என் மேசை வெளிச்சம் கதவுக்குக் கீழால் அவள் முகத்தில் விழும். இத்தனை வருடத்தில் அதையும் இன்றுதான் யோசிக்கிறேன். விளக்கை அணைக்கிறேன்.