பொத்தானில் செருகிய குச்சி

நவ. 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாகக் கொடித் துணிகளை உள்ளே இழுத்தேன். பாதி நனைந்திருந்தன. மயிலாப்பூரில் இரவு முழுக்க மழை.

தி. நகர் அறையில் விசாரணை. பாஷா, தகடு வெட்டும் பிரஸ் ஆபரேட்டர். சூப்பர்வைசரை அறைந்ததற்கு வேலைநீக்கம். கம்பெனியும் சங்கமும் சேர்ந்துதான் என்னை நடுவராக ஏற்றார்கள். இன்று மல்லிகா சாட்சி. பிரஸ்ஸில் இரண்டு விரல் போனவள். சூப்பர்வைசருக்கு அறை விழுந்தது அதே காலையில்.

"அடிச்சாரு. எனக்காண்டி அடிச்சாரு. கூடப் பொறந்தவன்கூட என்ன வந்து பாக்கல மேடம்."

கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணை வேண்டாம் என்றார்.

இடைவேளையில் எல்லோரும் ஒரே டீக்கடை. சங்கச் செயலாளர் வக்கீலிடம், "இன்னா சார், கம்பெனி டீக்கு இது தேவலயா?" அவரும் சிரித்தார்.

இதுவரை என் மனதில்: அடித்தது உண்மை. ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. பழைய ரெக்கார்டு சுத்தம். வேலைநீக்கம் அதிகம். மீண்டும் வேலை, நின்ற காலத்துச் சம்பளம் கிடையாது.

நவ. 5, புதன்

கிண்டி. கணுக்கால் வரை தண்ணீர். பட்டறையை நேரில் பார்த்தேன், இரு தரப்போடும். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. ஒன்றில் குச்சியைச் செருகிவிட்டால் ஒரு கை போதும், வேகம். அன்று செருகியது சூப்பர்வைசர் என்பது சங்கத்தின் வாதம். இன்றும் ஒரு மெஷினில் குச்சி.

குடையை மறந்து கிளம்பிவிட்டேன். பாஷா வாசலுக்கு எடுத்துவந்தார். பக்கத்தில் யாருமில்லை.

"குச்சி நான் வெச்சது மேடம். நைட் ஷிப்டுல. எடுக்காம பூட்டேன். காலைல மல்லிகா வந்து நின்னுச்சு."

மழை. அவர் நனைந்துகொண்டே நின்றார்.

"யாரையாச்சும் அடிக்கணும் போல இருந்துச்சு. அந்தாளு எதிர்ல வந்தான். மல்லிகாவுக்கு மட்டும் தெரிய வேணாம் மேடம்."

நவ. 6, வியாழன்

தூக்கமில்லை. தோள்பட்டை வலி. பால் திரிந்துவிட்டது.

ஹாஸ்டலிலிருந்து மகள் போன். "யாரும்மா ஜெயிப்பாங்க?" சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஒருவர் தனியாகச் சொன்னதை மற்றவருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதக் கூடாது. குற்றச்சாட்டு அடித்தது மட்டும்தான், குச்சி அல்ல, உண்மைதான். ஆனால் வேலை கொடுக்கலாம் என்று நான் நினைத்ததே அந்த ஆத்திரத்தை நம்பி.

குடை இன்னும் என் வீட்டு வாசலில், விரித்தபடி.

நாளை எல்லோரும் உட்கார்ந்ததும் முதலில் இதைச் சொல்லிவிடுவேன். மல்லிகாவும் வருவாள்.