முகட்டில் இருந்த செடி

அன்புள்ள உங்களுக்கு,

கிள்ளானில் உங்கள் அண்ணன் வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸில் நான் நலம்.

போன வாரம் ஆய்வுக்காக மலை ஏறினேன். நான் கண்டுபிடித்த அந்தப் புதர்ச்செடி, இலையின் அடிப்பக்கம் ஊதாவாக, பூக்கள் தண்டிலேயே ஒட்டிப் பூக்குமே, அது இருந்த இடத்தில் குழிகள்தான் இருந்தன. வேரோடு தோண்டியிருக்கிறார்கள். அந்த இடத்தை உங்களுக்கு மட்டும்தான் காட்டியிருந்தேன்.

நேற்று செலாயாங்கில் ஒரு செடிக்கடையில் அதைத் தொட்டியில் பார்த்தேன். இலைகள் சுருண்டிருந்தன. மலைக்குளிர் இல்லாமல் அது பிழைக்காது. யார் கொடுத்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“கிள்ளான்லேருந்து ஒரு அண்ணே கொண்டாந்தாரு, அக்கா. அவரு வைஃப் யூனிவர்சிட்டியில செடி ஆராய்ச்சி பண்றாங்களாம் லா.”

அப்படி ஒரு மனைவி கிள்ளானில் வேறு யாருக்காவது இருக்கலாம். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. செடியை வாங்கி வந்து ஆய்வகத்தின் குளிரறையில் வைத்திருக்கிறேன். பிழைக்குமா தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அதே செடி வேறொரு மலையிலும் பூத்திருக்கிறது. பார்த்ததும் உங்களுக்குத்தான் முதலில் போன் செய்ய நினைத்தேன், செய்யவில்லை. எந்த மலை என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்போதும்
உங்கள் மனைவி