முதலாளியின் மதியச் சாப்பாடு

அன்புள்ள உனக்கு,

நான் இங்கே நலம். உன் முதுகுவலி குறைந்ததா? சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா?

என்னை இங்கே கதவு மாட்டும் வேலைக்குக் கூட்டி வந்த மேஸ்திரி அண்ணன், "தம்பிய நான் பாத்துக்கிறேன் தங்கச்சி" என்று உன்னிடம் போனில் சொன்னாரே, அவரோடு ஒரு சின்ன மனவருத்தம். பயப்படாதே.

போன வாரம் எல்லோரோடும் சாப்பிட உட்கார்ந்தேன். கம்பெனி மேனேஜர் வந்து, "நீ கம்பெனி ஆளு இல்ல, கான்ட்ராக்ட். உனக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது. உனக்கு நீயேதான் முதலாளி" என்றார். சரி, முதலாளிதானே என்று மறுநாள் கொஞ்சம் தாமதமாகப் போனேன். "எட்டு மணிக்கு ஏன் வரல?" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

எனக்காகப் பேசுவார் என்று அண்ணனைப் பார்த்தேன். தினமும் என் டப்பாவில் கைவைத்துச் சாப்பிடுகிறவர், என் முகத்தைப் பார்க்காமல், "இவன் எப்பவும் இப்படித்தான் சார், சொன்னா கேக்க மாட்டான்" என்றார். அன்று நான் டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் மதியம் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். மேனேஜர் முறைத்தார். "முதலாளி சாப்பிடுறாரு சார்" என்றேன். திரும்பிப் போய்விட்டார். பிறகு அண்ணன் வந்து நின்றார். நான் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

அவர் உன்னைப் போனில் கூப்பிட்டால் மரியாதையாகவே பேசு. எனக்குக் கெட்டியான சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்பு. இனிமேல் மதியத்தில் கூப்பிடு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை லைனில் இரு. கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன்னவன்